அயர்லாந்தைக் காரில் சுற்ற: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்து வரைபடத்தை விரித்தால் யாருக்கும் தோன்றுவது, ‘இவ்வளவு சின்னத் தீவா, ஒரு சுற்று சுற்றிவிடலாமே’ என்பதுதான். வடக்கு தெற்காக 486 கி.மீ., கிழக்கு மேற்காக 275 கி.மீ. டப்ளினில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேற்குக் கரையில் கால்வேயில் இருக்கலாம். நம்மை ஏமாற்றுவதே இந்த ஒரு பயணம்தான். டப்ளினிலிருந்து கால்வே வரை 210 கி.மீ. தூரமும் மோட்டார்வே, இரண்டரை மணி நேரம் போதும். கால்வேயைத் தாண்டியதும் சாலை சுருங்கும், வளையும், நடுவில் ஆடு படுத்திருக்கும். அங்கே 60 கி.மீ. போக ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படக் கூடாது.

என் முதல் பயணத்தில் எட்டு இரவுக்கு எட்டு ஊர் போட்டிருந்தேன். காலையில் பெட்டியைக் கட்டி, ராத்திரி பெட்டியை அவிழ்த்து, நடுவில் வண்டிக் கண்ணாடி வழியே கடலைப் பார்த்ததுதான் மிச்சம். அடுத்த முறை பத்து இரவு, ஐந்தே ஊர். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பயணத்திலிருந்து வருகிறது. கிலோமீட்டரை விடுங்கள், எந்த ஊரில் எத்தனை இரவு என்று மட்டும் கணக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக அமையும்.

1. விசா: ஒரு தீவு, இரண்டு நாடுகள்

தீவின் பெரும்பகுதி அயர்லாந்துக் குடியரசு. வடகிழக்கு மூலையில் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் ஏற்பாட்டில் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தின் கீழ் வரும் விசா என்றால், ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தத் திட்டம் கிடையாது. வடக்கே போக பிரிட்டிஷ் விசா தனியாக வேண்டும்.

எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். ‘யாரும் கேட்கப் போவதில்லை’ என்று விசா இல்லாமல் தாண்டிவிடாதீர்கள். சின்ன விபத்து நடந்தாலும் போலீஸ் பாஸ்போர்ட்டைக் கேட்கலாம்.

ஐரிஷ் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

2. மாதம்

மே, ஜூன், செப்டம்பர். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மே கடைசி என்பேன். வேலியோரமெல்லாம் கோர்ஸ் புதர் மஞ்சளாகப் பூத்திருக்கும். பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. ஜூன் கடைசியில் மேற்குக் கரையில் ராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கடற்கரைக்கு நடக்கப் போகலாம். டிசம்பரில் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும், கிராமங்களில் பாதி விடுதிகள் பூட்டியிருக்கும்.

மழை எந்த மாதமும் வரும். கோடையிலும் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் அங்கே அது செய்தி. குடையை நம்பாதீர்கள், அட்லாண்டிக் காற்று அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைக்கோட்டும் தண்ணீர் புகாத காலணியும் போதும். ஒரு நாளில் நாலு தடவை மழை பெய்து நாலு தடவை வெயில் அடிக்கும் என்பதால், மழையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றாமல் வண்டிக்குள்ளேயே அரை மணி நேரம் காத்திருப்பதுதான் நல்லது.

3. பத்து இரவு எப்படிப் பிரிப்பது

‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்ற பெயரை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். வடக்கே டோனகால் மாவட்டத்திலிருந்து தெற்கே கின்சேல் வரை மேற்குக் கரையை ஒட்டிப் போகும் சுமார் 2,500 கி.மீ. சுற்றுலாச் சாலை அது; 2014இல் அறிமுகமானது. நீல நிறத்தில் அலை வடிவப் பலகை வழிகாட்டும். முழுவதையும் ஓட்ட மூன்று வாரமாவது வேண்டும். முதல்முறை போகிறவர்கள் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான் சொல்லும் கணக்கு: டப்ளின் 2, கானமாரா 2, கிளேர் 2, டிங்கிள் 3, கில்கெனி 1.

டப்ளினில் இருக்கும் இரண்டு இரவும் கார் வேண்டாம். பார்க்கிங் கட்டணம் தலைசுற்ற வைக்கும், ஒருவழிப் பாதைகள் அதற்கு மேல். டிராமும் பஸ்ஸும் நடையும் போதும். விமானக் களைப்போடு இறங்கிய அன்றே ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் இருக்கலாம் என்பது கூடுதல் லாபம். மூன்றாம் நாள் காலையில் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய் வண்டியை எடுங்கள்.

அங்கிருந்து மேற்கே போகும்போது ஆத்லோன் அருகே மோட்டார்வேயை விட்டு இறங்கினால் கிளான்மக்னாய்ஸ். 6ஆம் நூற்றாண்டில் ஷானன் ஆற்றங்கரையில் தொடங்கிய மடாலயத்தின் இடிபாடுகள், கல் சிலுவைகள், வட்டக் கோபுரம். மதியத்துக்கு நல்ல இடம்.

கானமாராவில் கிளிஃப்டன் ஊரில் தங்கலாம். சதுப்பு நிலம், ஏரி, மொட்டை மலை. ஆள் நடமாட்டம் குறைவு. கைல்மோர் அபே மடாலயம் வெளியிலிருந்து பார்க்கத்தான் அழகு; நேரமில்லாவிட்டால் ஏரிக்கு இக்கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம். கிளிஃப்டனுக்குத் தெற்கே டெரிகிம்லா சதுப்பை மட்டும் விடாதீர்கள். 1919 ஜூன் 15 அன்று, எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கை முதன்முதலில் பறந்து கடந்த ஆல்காக்கும் பிரவுனும் பச்சைப் புல்வெளி என்று நினைத்து மூக்கு குத்தி இறங்கிய இடம் அதுதான். நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொரு செய்தி: பக்கத்திலேயே இருக்கும் பாலினாஹின்ச் மாளிகையை 1924இல் வாங்கியவர் ரஞ்சித்சிங்ஜி. ரஞ்சிக் கோப்பையில் வரும் அதே ரஞ்சி. இப்போது அது ஹோட்டல்.

கிளேர் மாவட்டத்தில் டூலின் அல்லது பக்கத்து ஊர் ஏதாவது. மோஹர் செங்குத்துப் பாறைகளின் உச்சி கடலிலிருந்து 214 மீட்டர். காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை டப்ளினிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களின் நேரம், அப்போது போனால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். ஐந்து மணிக்கு மேல் போங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்தால் விலை குறைவு, பார்க்கிங் அதிலேயே அடக்கம். மறுநாளைப் பர்ரன் சுண்ணாம்புப் பாறை வெளிக்கு ஒதுக்குங்கள். சாம்பல் நிறப் பாறை மைல் கணக்கில் விரிந்து கிடக்க, வெடிப்புகளுக்குள் பூக்கள். பௌல்னப்ரோன் கல்திட்டையும் அங்கேதான். நம் பக்கத்துக் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பழகிவிடும்.

கிளேரிலிருந்து டிங்கிளுக்குப் போகும்போது கூகுள் மேப் சில சமயம் லிமரிக் வழியாகச் சுற்றச் சொல்லும். கேட்காதீர்கள். கில்லிமரில் வண்டியோடு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஷானன் முகத்துவாரத்தைத் தாண்டி டார்பர்ட்டில் இறங்கலாம். 130 கி.மீ.க்கு மேல் சுற்று மிச்சம். முன்பதிவு இல்லாமலே போய் வரிசையில் நிற்கலாம்.

டிங்கிளுக்கு மூன்று இரவு ஏன் என்று கேட்கலாம். ஸ்லே ஹெட் சுற்று 50 கி.மீ. கூட இல்லை; ஆனால் அரை நாள் போதாது. கடலோரக் கல் குடில்கள், 1953இல் கடைசி மக்களும் வெளியேறிய பிளாஸ்கெட் தீவின் காட்சி, சாந்து இல்லாமல் அடுக்கிய கலாரஸ் கல் ஆலயம். இதைக் கடிகாரச் சுற்றில்தான் ஓட்ட வேண்டும். பஸ்கள் அந்தத் திசையில்தான் போகும். எதிர்த்துப் போனால் முட்டுக்கு முட்டு நின்று ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். கடலும் உங்கள் இடப்பக்கமே வரும். இரண்டாம் நாள் கில்லார்னி தேசியப் பூங்கா: டார்க் அருவி, லேடீஸ் வியூ காட்சி முனை, மால்ஸ் கேப் கணவாய். மூன்றாவது இரவு மழைக்காக வைத்திருப்பது. முதல் நாள் பனி மூடிவிட்டால் மறுநாள் சுற்றலாம்.

‘ரிங் ஆஃப் கெர்ரி’ எங்கே என்று தேடுவீர்கள். நான் வேண்டுமென்றேதான் விட்டேன். 179 கி.மீ. சுற்று, பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு ஒரு நாள் முழுக்க. மால்ஸ் கேப் வரை போனாலே அதன் நல்ல பகுதி ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும். ஆனால் கடலுக்கு நடுவே இருக்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவில் துறவிகள் செதுக்கிய 618 படிகளை ஏறியே ஆக வேண்டும் என்பவர்கள் திட்டத்தை மாற்றுங்கள். டிங்கிளுக்குப் பதில் போர்ட்மகீ பக்கம் தங்குங்கள். மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரைதான் படகு. இடம் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். கடல் கொந்தளித்தால் அன்று காலையில் ரத்து செய்வார்கள்.

டிங்கிளிலிருந்து கில்கெனி போகும் நாள்தான் நீண்ட நாள். வழியில் கேஷல் பாறைக்கோட்டையில் இரண்டு மணி நேரம் இறங்குங்கள். மறுநாள் கில்கெனியிலிருந்து டப்ளின் விமான நிலையம் இரண்டு மணி நேரத்துக்குள்.

வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வேயின் சுமார் 40,000 எரிமலைக் கல் தூண்களை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர்களுக்கு ஒரு தமிழ்க் குறிப்பு: இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல் 1814இல் பிறந்தது அந்த ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான்.

4. வண்டி எடுப்பது: பணம் கசியும் இடம்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி: அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். கியர் வண்டி பழகியவர்கள் அதையே எடுக்கலாம், ஆட்டோமேட்டிக்கைவிட நன்றாகவே மலிவு. கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து போகிறவர்கள் காசைப் பார்க்காமல் ஆட்டோமேட்டிக் எடுங்கள். பக்கம் மாறிய குழப்பமே போதும், இடது கையில் கியரும் வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் லைசென்ஸ் செல்லும். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வாடகை நிறுவனங்கள் கவுன்டரில் கேட்கும். 25 வயதுக்குக் கீழேயும் 75 வயதுக்கு மேலேயும் வண்டி தருவதில் கட்டுப்பாடு இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி, பதிவு செய்வதற்கு முன் படித்துவிடுங்கள்.

சின்ன வண்டியாக எடுங்கள். நாலு பேர் என்றதும் ஏழு இருக்கை வண்டியைப் பார்க்கத் தோன்றும்; கிராமச் சாலையில் அதன் அகலம் உயிரை எடுக்கும். அதைவிடப் பெட்டியைக் குறையுங்கள். நடுத்தர வண்டியின் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிதான் நிம்மதியாகப் போகும்.

இப்போது இன்சூரன்ஸ். இணையத்தில் காட்டும் விலையில் அடிப்படைக் காப்பீடு இருக்கும். ஆனால் சேதம் வந்தால் முதலில் ஒரு தொகை வரை உங்கள் கையிலிருந்து போகும். அதை ‘எக்ஸஸ்’ என்பார்கள். ஆயிரக்கணக்கான யூரோவாக இருக்கலாம், அதை உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்தும் வைப்பார்கள். கவுன்டரில் நாளுக்கு இவ்வளவு என்று கட்டினால் எக்ஸஸைப் பூஜ்யமாக்குவார்கள். வெளி நிறுவனங்களிடம் எக்ஸஸ் காப்பீடு தனியாக வாங்கினால் மலிவு. ஆனால் சேதம் நடந்தால் முதலில் நீங்கள் கட்டி, அப்புறம் கேட்டு வாங்க வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கவுன்டர் காப்பீடுதான். விலை உறுத்தும், தூக்கம் நன்றாக வரும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் அதில் அடங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடிபடுவது பெரும்பாலும் இடப்பக்க டயர்தான்.

கார்டு, ஓட்டுநர் பெயரில் இருக்கும் கிரெடிட் கார்டாக இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, வரம்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 150 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், முன்பே சொல்லி வையுங்கள். வடக்கே போவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சாவி கையில் வந்ததும் வண்டியைச் சுற்றி நிதானமாக ஒரு வீடியோ. நாலு சக்கர விளிம்புகள், முன் கண்ணாடி, பம்பரின் கீழ்ப்பகுதி. முதல் பயணத்தில் திருப்பிக் கொடுக்கும்போது சக்கர விளிம்பில் இருந்த ஒரு பழைய கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். என் மனைவி முதல் நாள் எடுத்த வீடியோவைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

5. சாலையில்

சாலையின் பெயரிலேயே அதன் குணம் தெரியும். எம் என்று தொடங்கினால் மோட்டார்வே, 120 கி.மீ. வேகம் வரை. என் என்றால் தேசியச் சாலை, 100. ஆர் என்றால் வட்டாரச் சாலை, 80. எல் என்றால் உள்ளூர்ச் சாலை. கிராமப்புறத்தில் 2025 பிப்ரவரியிலிருந்து 80ஐ 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஊருக்குள் பொதுவாக 50. பலகையில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். அது அதிகபட்ச வரம்பு மட்டுமே, அந்த வேகத்தில் போயாக வேண்டும் என்று இல்லை. சில எல் சாலைகளில் 30 போனாலே நெஞ்சு படபடக்கும். கூகுள் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலிச் செடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பச்சையாக மெத்தை போல இருக்கும், உள்ளே கல் சுவர். எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போவார். ஹாரன் அடிப்பது அங்கே திட்டுவதற்குச் சமம், பத்து நாளில் நான் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். தெரிந்தவர் என்று நினைக்க வேண்டாம், அது வணக்கம். நீங்களும் ஒரு விரலைத் தூக்குங்கள். பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார், நாம்தான் வேடிக்கை பார்க்கிறோம்.

ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு முதலிடம். நம் ஊரில் முதலில் மூக்கை நுழைத்தவனுக்கு. அங்கே அப்படிச் செய்தால் விபத்து.

விமான நிலையத்திலிருந்து கால்வே போகும் வழியில் எம்50 சாலையில் ஒரு டோல் இருக்கிறது. சாவடி, தடுப்பு எதுவும் கிடையாது. கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கட்ட வேண்டும், தவறினால் அபராதம். வாடகை நிறுவனமே கட்டிவிடுமா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். மற்ற டோல்களில் நின்று கட்டலாம்.

பங்கில் நீங்களே பெட்ரோல் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். மாற்றிப் போட்டால் பெரும்பாலும் காப்பீடு கைகொடுக்காது என்பதால் எழுத்தையும் படித்துவிடுங்கள். கானமாராவிலும் டிங்கிளிலும் டேங்க் பாதியானதும் நிரப்புங்கள்.

ஐரிஷ் மொழி பேசும் வட்டாரங்களில் பலகைகள் அந்த மொழியில் மட்டுமே இருக்கும். டிங்கிளுக்குப் போகும் வழியில் ‘அன் டாங்கன்’ என்று பார்த்தால் அதுதான் டிங்கிள். சாலையில் ‘கோ மால்’ என்று எழுதியிருந்தால் கடைக்குப் போகச் சொல்லவில்லை, மெதுவாகப் போகச் சொல்கிறது. கழிப்பறைக் கதவு இன்னும் வம்பு. எஃப் எழுத்தில் தொடங்குவது ஆண்களுக்கு, எம் எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் நுழைந்தவர்கள் திரும்பி ஓடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் என் மைத்துனர்.

குடித்துவிட்டு ஓட்ட வேண்டாம், ஒரு கிளாஸ்கூட. கடலோரப் பாறை மேல் வண்டியை நிறுத்தினால் கதவைப் பிடித்துக்கொண்டே திறங்கள். காற்று கதவைப் பிடுங்கி மடக்கிவிடும். அவசரத்துக்கு 112.

6. தங்க, சாப்பிட

சிறு ஊர்களில் குடும்பங்கள் நடத்தும் பி அண்ட் பி விடுதிகள்தான் என் தேர்வு. காலைச் சாப்பாடு சேர்த்தே விலை, வீட்டுக்காரர் சொல்லும் வழி எந்தச் செயலியிலும் இருக்காது. பதிவு செய்யும்போது ‘ஏர்கோட்’ எண்ணை வாங்கி வையுங்கள். கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. ஒவ்வொரு முகவரிக்கும் ஏழு எழுத்து-எண் கொண்ட குறியீடு உண்டு. மேப்பில் அதைப் போட்டால் வாசலிலேயே கொண்டுபோய் விடும்.

காலைத் தட்டில் ‘ஒயிட் புட்டிங்’, ‘பிளாக் புட்டிங்’ என்று வட்டமாக இருப்பது இனிப்பு அல்ல. இரண்டிலும் பன்றி இறைச்சி. கறுப்பில் இரத்தமும் உண்டு. சைவம் என்று முதல் நாள் இரவே சொல்லிவிட்டால் முட்டை, காளான், தக்காளி, சோடா ரொட்டி தருவார்கள். மதியம் காய்கறி சூப் எங்கும் கிடைக்கும், கோழிச் சாறு கலந்ததா என்று கேளுங்கள். கிராமத்து உணவகங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், வெளியே வெளிச்சமாக இருக்கிறதே என்று சுற்றிக்கொண்டிருந்தால் பட்டினிதான். டிங்கிளில் மூன்று இரவு என்பதால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை எடுத்துவர அனுமதி இல்லை.

7. கடைசி நாள்

கில்கெனியிலிருந்து கிளம்பும்போது விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருக்கும்படி பாருங்கள். எம்50இல் மாலை நெரிசல் கணக்கில் அடங்காது. அந்த டோலும் மறுபடி வரும். விமானம் ஏறும் முன்பே கட்டிவிடுங்கள். விமான நிலையத்துக்கு முன்னால் டேங்கை நிரப்பி ரசீதை வையுங்கள், டிக்கியையும் இருக்கைக்கு அடியிலும் தேடுங்கள். வண்டியை நிறுத்தியதும் மறுபடி ஒரு வீடியோ, கிலோமீட்டர் மீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரியும்படி. ஊழியர் வந்து பார்த்து ‘சரி’ என்று எழுதிக் கொடுக்கும் வரை சாவியைக் கையிலேயே வைத்திருங்கள்.